குழந்தையின் எடை: தராசு சொல்லாதவை

வளரும் பிள்ளைக்கு உடற்பருமன் உள்ளதா என்பதைத் தராசு மட்டும் கூறிவிடாது. கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் உடல் நிறைக் குறியீட்டெண்ணை, வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வளர்ச்சி வரைபடத்தில் குறித்துப் பார்க்கிறோம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வரைபடத்தில், பெரியவர்களின் 23, 27 என்னும் அளவுகளுக்கு இணையான இரு கோடுகள் உள்ளன. முதற்கோட்டைக் கடந்தால் மிகை எடை. இரண்டாவதைக் கடந்தால் உடற்பருமன்.

அடுத்து உயரம். உணவு மிகுதியால் பருத்த குழந்தை பெரும்பாலும் வயதுக்கேற்ற உயரமோ, அதனினும் சற்றுக் கூடுதலோ இருக்கும். பருமனோடு உயர வளர்ச்சியும் குன்றியிருந்தால், தைராய்டு முதலிய சுரப்பிகளை உடனே ஆராய்கிறோம். மற்றபடி, "தைராய்டாகத்தான் இருக்கும்" என்று அழைத்துவரப்படும் பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு அது காரணமன்று.

பிடரியிலும் அக்குளிலும் படரும் கருமையை அழுக்கென எண்ணி, கடலைமாவும் பீர்க்கங்கூடும் கொண்டு தேய்க்கின்ற தாய்மார் பலர். அது அழுக்கன்று, இன்சுலின் சரிவரச் செயற்படாமைக்குத் தோல் காட்டும் அடையாளம். அதைக் கண்டால் இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் ஆகியவற்றின் நிலையைச் சோதிப்பது அவசியம். உறக்கத்தில் உரத்த குறட்டையும் மூச்சுத் தடையும், பருவமடைந்த பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் தவறுதலும் அவ்வாறே சொல்லப்பட வேண்டியவை.

சிகிச்சை என்றால் பட்டினி என்று அஞ்ச வேண்டா. வளர்ச்சி நமக்குத் துணை நிற்கிறது. 140 செ.மீ. உயரமும் 50 கிலோ எடையும் உள்ள சிறுவனின் குறியீட்டெண் 25.5. எடை கூடாமல் அவன் 6 செ.மீ. வளர்ந்தாலே அது 23.5 ஆகிவிடும். ஆகவே பல பிள்ளைகளுக்கு எடையை நிறுத்திவைப்பதே முதல் இலக்கு.

அதற்கு மாற வேண்டியது வீடு முழுவதும். அண்ணன் குளிர்பானம் அருந்த, தம்பிக்கு மட்டும் வெள்ளரிக்காய் என்பது உணவுமுறையன்று, தண்டனை. இனிப்புப் பானங்களும் பிஸ்கட்டும் வீட்டுக்குள் வராதிருத்தல், நாள்தோறும் ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும், பள்ளிப் பிள்ளைக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம்: இவற்றிலிருந்து தொடங்குகிறோம். 12 வயதுக்கு மேற்பட்ட சிலருக்கு மருந்தும், மிகக் கடுமையான நிலையில் அறுவையும் உண்டு. அவை இவற்றுக்கு மாற்றாகா.

'குண்டு' என்று வீட்டார் செல்லமாக அழைப்பதையும் நிறுத்தச் சொல்கிறோம். கேலிக்கு ஆளாகும் பிள்ளை விளையாட்டுத் திடலை விட்டு விலகும்; ஒளித்து உண்ணும். எடையை நாள்தோறும் பார்க்கவும் வேண்டா. மாதம் ஒருமுறை போதும், உயரத்தையும் சேர்த்துக் குறித்து வாருங்கள்.