சேறும் நீரும் கடக்கும் கவச ஊர்தி

நுழையும்முன்

போர்வீரர்களைச் சுமந்து சேற்றிலும் ஆற்றிலும் செல்லும் கவச ஊர்தி எவ்வாறு இயங்குகிறது? அதன் எடைக்கும் உள்ளிருக்கும் வீரர்களின் உயிருக்கும் உள்ள தொடர்பு யாது? வயலில் காணும் ஓர் எளிய காட்சியிலிருந்து இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

காரைக்காலை அடுத்த தலத்தெருப் பகுதி காவிரியின் கடைமடை நிலம். தை மாதச் சம்பா அறுவடையின்போது வயலில் ஈரம் மிகுந்திருந்தால், உழவர் டயர் பொருத்திய அறுவடை இயந்திரத்தை விரும்புவதில்லை; 'செயின் வண்டி'யையே தேடுவர். டயர் வண்டி தன் எடை முழுவதையும் நான்கு சிறு பரப்புகளில் ஊன்றுவதால் களிமண்ணில் புதைகிறது. செயின் வண்டியோ நீண்ட பட்டைகளின்மேல் எடையைப் பரப்பி நகர்கிறது. படை ஊர்திகளின் அமைப்பிலும் இந்த உண்மையே அடிப்படையாக விளங்குகிறது.

ஆவடியின் பங்கு

இந்தியத் தரைப்படையின் காலாட்படை வீரர்களைச் சுமக்கும் சங்கிலிப்பட்டை ஊர்திகளுள் முதன்மையானது 'சரத்' எனப்படும் பி.எம்.பி.-2. சோவியத் ஒன்றியத்தில் வடிவமைக்கப்பட்ட இவ்வூர்தி, 1987 முதல் மேடக் படைக்கலத் தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டது. இதற்கான டீசல் எந்திரங்களைச் சென்னையை அடுத்த ஆவடியிலுள்ள எந்திரத் தொழிற்சாலை உருவாக்குகிறது. ஊர்தியின் எடை ஏறத்தாழ 14 டன். இயக்குவோர் மூவர், உடன்செல்லும் வீரர் எழுவர்.

நகரும் முறை

300 குதிரைத்திறன் கொண்ட எந்திரம் ஊர்தியின் முன்புறத்தில் உள்ளது. அதன் ஆற்றல் பற்சக்கரப் பெட்டி வழியாக இருபுறமும் உள்ள முன் பற்சக்கரங்களை அடைகிறது. அவை சங்கிலிப்பட்டையை இழுக்க, பக்கத்திற்கு ஆறாக அமைந்த சாலைச் சக்கரங்கள் பட்டையின்மேல் உருள்கின்றன. தனக்குரிய பாதையைத் தானே விரித்து, கடந்தபின் தானே சுருட்டிக்கொள்ளும் வண்டி இது எனலாம்.

இரண்டு சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் 14 டன் பரவுவதால், தரையின்மீது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.65 கிலோ அழுத்தமே விழுகிறது. சிறிய மகிழுந்தின் டயர் தரும் அழுத்தம் இதனைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகும்.

ஒவ்வொரு சாலைச் சக்கரமும் ஒரு கையின் வழியே எஃகு முறுக்குத் தண்டுடன் இணைக்கப்பட்டுள்ளது. மேட்டில் சக்கரம் ஏறும்போது தண்டு முறுகுகிறது. மேடு கடந்ததும் தண்டின் முறுக்கு அவிழ்ந்து சக்கரம் பழைய நிலையை அடைகிறது. திருப்புவதற்கென முன்சக்கரம் இல்லை. ஒரு பக்கப் பட்டையின் வேகத்தைக் குறைத்தால் ஊர்தி அப்பக்கம் திரும்புகிறது. வயலின் மூலையில் அறுவடை இயந்திரம் திரும்புவதும் இவ்வாறே.

நீரில் மிதத்தல்

14 டன் எடையுள்ள ஊர்தி மிதக்க, அது 14 கன மீட்டர் நீரை விலக்க வேண்டும். அதற்கேற்ற கொள்ளளவுடன் உடற்பகுதி நீர்புகாதவாறு அமைக்கப்பட்டுள்ளது. ஆற்றில் இறங்குமுன் முகப்பிலுள்ள அலைத்தடுப்புத் தகடு உயர்த்தப்படுகிறது. கசியும் நீரை எக்கிகள் வெளியேற்றுகின்றன. சுழலும் பட்டைகளே துடுப்பாகி, மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்தியைச் செலுத்துகின்றன.

தாக்குதலும் காப்பும்

சுழல்மேடையில் 30 மில்லிமீட்டர் பீரங்கி உள்ளது. ஊர்தி மேடுபள்ளங்களில் செல்லும்போதும் குறி விலகாதவாறு நிலைப்படுத்தும் கருவி அதனைப் பிடித்து நிறுத்துகிறது. வடிகட்டிய காற்றை உட்செலுத்தி உள்ளழுத்தத்தைச் சற்று உயர்த்தி வைப்பதால் நச்சுக்காற்று உள்ளே புகுவதில்லை.

எஃகுக் கவசம் துப்பாக்கிக் குண்டுகளையும் வெடிச் சிதறல்களையும் தடுக்கும்; கனரகப் பீரங்கிக் குண்டையோ பெரிய கண்ணிவெடியையோ தாங்கும் அளவு தடிப்பானதன்று. கவசத்தைத் தடிப்பாக்கினால் என்ன? எடை கூடும், தரையழுத்தம் கூடும், மிதக்கும் திறன் குறையும், எந்திரத்தின் சுமை மிகும். ஆற்றின் கரையிலேயே நின்றுவிடும் ஊர்தி, மறுகரையில் போரிடும் வீரருக்குத் துணையாகாது. ஆற்றைக் கடந்து சென்ற ஊர்தியின் மெல்லிய கவசம் உள்ளிருப்போரை முழுமையாகக் காப்பதும் இல்லை.

இடம் கருதிப் பின்கதவுகளின் உட்புறத்திலும் எரிபொருள் வைக்கப்படுகிறது. வீரர்கள் இறங்கும் வழியும் அக்கதவுகளே. ஒரு வசதியைப் பெற மற்றோர் இடரை ஏற்பதற்கு இது சான்று. எனவே, எடையைத் தீர்மானிக்கும் பொறியாளர் வரைபலகையில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் உள்ளே அமர்ந்திருக்கும் பத்து உயிர்களோடு தொடர்புடையது. இதே அடிச்சட்டத்தின்மீது காயமுற்றோரை மீட்டுவரும் கவச ஆம்புலன்சும் உருவாக்கப்பட்டிருப்பது அப்பொறுப்பின் நீட்சியாகும்.

தெரியுமா?

ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. இங்கிருந்து 1965இல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. 2021இல் உருவான கவச ஊர்திகள் நிகாம் நிறுவனத்தின் தலைமையகமும் ஆவடியிலேயே உள்ளது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் இயங்கும் அறுவடை இயந்திரத்தை உற்றுநோக்கி, அது திரும்பும் முறையை ஒரு பத்தியில் எழுதுக.
2. 'கவசம் தடிப்பதா, ஊர்தி மிதப்பதா – எது முதன்மை?' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.