வெந்நீரூற்றடியில் இரவு தங்காதே

அன்புள்ள மருமகன்,

கொழும்பு வேலை தலைக்குமேல் போய்விட்டது, லீவு போட்டு மகாஓயா வெந்நீரூற்றடியில் கூடாரம் அடித்துத் தனியே கிடக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். கூடாரமும் வாங்கியாயிற்றாம். கொம்மா "தனியவோ?" என்று கேட்டுக் கேட்டு என் தலையைத் தின்கிறாள். தனியே போவதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு மனிதன் இரண்டு நாள் யாரோடும் கதைக்காமல் இருந்தால் குடி முழுகிவிடாது. இரவை அங்கே கழிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பிவிட்டால் கரடியனாறு, புல்லுமலை தாண்டி மகாஓயா வரும். பொழுதுபட்டால் அந்தப் பக்கம் யானைக்குரியது. வயல் வைத்திருக்கிறவர்கள் வெள்ளாமைக் காலத்தில் பரண் கட்டி, யானை வெடியோடு விடிய விடியக் கண்விழிப்பது பொழுதுபோக்குக்கல்ல. உப்புக்கும் அரிசிக்கும் பழத்துக்கும் சுவர் உடைக்கிற மிருகம் அது. உன் கூடாரத்துணி எந்த மூலைக்கு?

நீ பார்த்த ஜப்பான் வெந்நீரூற்று வீடியோக்களை மறந்துவிடு. அந்த நாடு எரிமலைகளின் மேல் இருக்கிறது. இலங்கையில் எரிமலை கிடையாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் வெகு ஆழம் இறங்குகிறது. கீழே போகப் போகக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 25 பாகை சூடு கூடும். அங்கே காய்ந்த தண்ணீர் வேறு வெடிப்பு வழியாக விறுவிறென்று மேலே வருகிறது. மத்திய மலைநாட்டுப் பாறையும் கிழக்குச் சமவெளிப் பாறையும் சந்திக்கிற எல்லையை ஒட்டித்தான் நம் நாட்டு ஊற்றுகளில் பல இருக்கின்றன. அந்த எல்லை நமக்குக் கிட்ட ஓடுவது மட்டக்களப்பாரின் அதிர்ஷ்டம்.

மகாஓயாவில் சில கிணறுகளின் சூடு 50 பாகையைத் தாண்டும். கழுத்தளவு தண்ணீரில் கண்மூடிக் கிடக்கலாம் என்ற எண்ணத்தை விடு, தோல் வெந்துபோகும். வாளியில் அள்ளி, பச்சைத்தண்ணீர் கலந்து, முதலில் காலில் ஊற்றிப் பார். நீ இரத்த அழுத்தக் குளிசை எடுக்கிறவன். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரியும், அழுத்தம் இறங்கும், சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போ. குளித்து முடிந்ததும் அப்படியே குந்தியிருந்து தண்ணீர் குடி, பியர் குடியாதே. தேங்கிக் கிடக்கிற இளஞ்சூட்டுத் தண்ணீரில் தலையை முக்காதே, மூக்குக்குள் ஏற விடாதே. மூளையைத் தின்கிற அமீபா அப்படியான தண்ணீரில் வளரும், மூக்கு வழியாகத்தான் ஏறும். கேரளத்தில் அண்மைய வருடங்களில் அதனால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் வந்தால் தப்புகிறவர் மிகச் சிலர்.

கன்னியாவுக்கும் போகலாமா என்று கேட்டாய். திருகோணமலைப் பக்கத்து அந்த ஏழு கிணறுகளும் இராவணன் தன் தாய்க்குக் கருமம் செய்ய உண்டாக்கியவை என்பது ஐதீகம். சனம் இன்றைக்கும் செத்தவர்களுக்குக் கடமை செய்ய அங்கே வருகிறது. கிணற்றுக்குக் கிணறு சூடு சற்று வித்தியாசப்படும், பார்க்க வேண்டிய இடந்தான். ஆனால் தாயைப் பறிகொடுத்தவன் ஈரவேட்டியோடு நிற்கும் இடத்தில் நீ ஓய்வெடுப்பதாகச் சொல்லிக்கொண்டு கால் நீட்டிக் கிடப்பது அழகாயிராது. போனால் காலையிலே போய், குளித்து, கும்பிட்டுத் திரும்பு.

ஆகவே என் ஏற்பாடு இதுதான். அம்பிளாந்துறையில் வாவியோரமாக நம்முடைய வளவு சும்மா கிடக்கிறது. கூடாரத்தை அங்கே அடி. கிணறு உண்டு, மாமரம் உண்டு, ஒருவரும் உன்னோடு கதைக்க வரமாட்டார்கள் என்பதற்கு நான் பொறுப்பு. தண்ணீர் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி அடி, வாவியில் முதலை இருக்கிறது. விடிந்ததும் மகாஓயாவுக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் போய்விடலாம். கிழமை நாளாகப் பார்; சனி ஞாயிறில் குடும்பம் குடும்பமாக வந்து நிறைவார்கள், நீ தேடுகிற தனிமை வாளிச் சத்தத்தில் போய்விடும். மகாஓயா பெரும்பாலும் சிங்களம் பேசுகிற ஊர், இரண்டு வார்த்தை பேசத் தெரிந்தால் தேத்தண்ணிக் கடைக்காரரே நாலு விசயம் சொல்லித் தருவார். மார்கழியில் வராதே, மழையில் வாவிக்கு இந்தப் பக்கத்துப் படுவான்கரை வீதிகள் அங்கங்கே தண்ணீருக்குள் கிடக்கும். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் பகலில் வெந்நீர் தேவைப்படாது. மாசி, பங்குனி தோது.

போகிற நேரத்தையும் திரும்புகிற நேரத்தையும் மாமியிடம் சொல்லிவிட்டுப் போ. பிந்தினால் அவள் தேடி வரமாட்டாள், என்னைத்தான் அனுப்புவாள். எனக்கோ முழங்கால் நோவு.

இப்படிக்கு,
மாமா