இறுக்கத்தை விடுங்கள், கம்பை விடாதீர்கள்
புதிதாகச் சிலம்பம் பழக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கிழட்டு வாத்தியாரின் அறிவுரைகள்

களத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் மனதில் ஒரு அவமானத்தோடுதான் வருகிறீர்கள். சாதி சொல்லி ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு. காரணமே இல்லாமல் ஸ்டேஷனில் மணிக்கணக்காக நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் உண்டு. “பொம்பளப் பிள்ளைக்குக் கம்பு எதுக்கு?” என்று தடுக்கப்பட்டவர்களும் உண்டு. உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

1. எந்த மண்ணில் நின்று பழகுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, கும்பினி அரசு தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு குற்றமும் செய்யாதவர் கைரேகை வைத்துவிட்டு, ராத்திரி சாவடியில் போய்ப் படுக்க வேண்டும். அந்தக் காலத்தையெல்லாம் தாண்டித்தான் கம்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

2. முதலில் மூச்சை வெளியே விடப் பழகுங்கள். பயந்தவனுக்கு மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடும். கம்பைத் தொடுவதற்கு முன் நேராக நில்லுங்கள். மூக்கு வழியாக நாலு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். வயிறு அசைய வேண்டும், தோள் ஏறக் கூடாது. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு தணியும். அதனால்தான் இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும்.

3. கம்பை நெரிக்காதீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கட்டும், மற்ற மூன்று விரலும் சும்மா அணைத்திருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், முழங்கை வலிக்கும், வீச்சு பாதியில் நிற்கும். கம்பு மேலே பட்டு அடி விழும் நொடியில் மட்டும் பிடி இறுகினால் போதும். அடுத்த நொடியே தளர்த்திவிடுங்கள்.

4. வாய்விட்டு எண்ணி ஆடுங்கள். வீச்சுக்கு ஒரு எண். சத்தமாக எண்ணுகிறவனால் மூச்சை அடக்கி வைக்க முடியாது. எண்ணிக்கை எங்கே தடுமாறுகிறதோ, அங்கேதான் உடம்பு இறுகியிருக்கிறது. வேகத்தைக் குறைத்து, அந்த இடத்திலிருந்து திரும்ப ஆடுங்கள்.

5. காலடிக்கு அவசரம் வேண்டாம். முழங்காலை லேசாக மடக்கி, பல்லைக் கடிக்காமல் நில்லுங்கள். கால் தரையில் நிம்மதியாக ஊன்றாதவரை கை வேகம் பயன்படாது. வெறும் காலடி மட்டும் ஒரு மாதம் பழகச் சொன்னாலும் சலிக்காமல் பழகுங்கள்.

6. கோபத்தை மறைக்க வேண்டாம், அதைக் கம்பிலும் ஏற்ற வேண்டாம். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோபத்தோடு வீசுபவனுக்கு எதிரே நிற்பவன் முகம் மட்டும்தான் தெரியும், அவன் கால் தெரியாது. கை நடுங்கினால் கம்பைக் கீழே வைத்துவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். ஜோடி ஆட்டத்தில் எதிரே நிற்பவர் உங்கள் பகையாளி இல்லை.

7. களத்துக்கு வெளியே கம்பு வேண்டாம், மூச்சு போதும். போலீஸ் நிறுத்தினாலோ, தெருவில் ஒருவன் இழிவாகப் பேசினாலோ, முதலில் மூச்சை நீளமாக விடுங்கள். குரல் தானாக நிதானப்படும். பிறகு உரிமையைக் கேளுங்கள். கைதுக்குக் காரணம் கேட்கலாம், வக்கீலைக் கேட்கலாம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்லலாம். இது அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு. கம்பு வரிசையைப் போலவே இதையும் மனப்பாடம் செய்யுங்கள்.

8. நிதானத்தை அடங்கிப்போவது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள், துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்த ரேகைச் சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் ரத்தானது. எதிர்த்து நிற்கிறவருக்குத்தான் நீண்ட மூச்சு தேவை.

9. கற்றதைப் பூட்டி வைக்காதீர்கள். உங்கள் தெருவில் யாரைக் களத்துக்குள் விடுவதில்லையோ, அந்தப் பிள்ளையை அழைத்து வந்து உங்கள் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒடுக்குமுறையை எதிர்த்துக் கம்பெடுத்த நாம் இன்னொருவரை ஒடுக்கினால் இந்தப் பயிற்சிக்கே அர்த்தமில்லை. நாளை காலை வரும்போது தனியாக வராதீர்கள், ஒருவரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்.