வெளிநாட்டிலிருந்து வந்த மணவிலக்குத் தீர்ப்பு

கணவர் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார். மனைவி இங்கே பிள்ளைகளுடன் தாய் வீட்டில். ஒரு நாள் அந்நாட்டு நீதிமன்றத்தின் மணவிலக்குத் தீர்ப்பு தபாலில் வருகிறது, சிலருக்கு வாட்ஸ்அப்பில். "கோர்ட்டே சொல்லியாச்சு, இனி என்ன செய்ய" என்று வீட்டாரும், சில ஊர்களில் ஜமாஅத்தாரும்கூட, கையை விரித்துவிடுகிறார்கள். அது தவறு.

வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே எப்போது செல்லாது என்பதை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. அதிகாரமில்லாத நீதிமன்றம் வழங்கியிருந்தால், வழக்கின் உண்மையை ஆராயாமல் முடித்திருந்தால், மோசடியால் பெறப்பட்டிருந்தால், எதிர்த்தரப்புக்குப் பேச வாய்ப்பே தராமலிருந்தால் அதை நாம் எதிர்க்கலாம். இந்தப் பிரிவு எல்லா மதத்தாருக்கும் பொது.

1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நரசிம்ம ராவ் வழக்கைப் பார்ப்போம். இந்துத் தம்பதியர், 1975-இல் திருப்பதியில் திருமணம். கணவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 90 நாள் வசித்ததாகக் கூறி அங்கே மணவிலக்குப் பெற்று, மறுமணமும் செய்துகொண்டார். எந்தச் சட்டப்படி திருமணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமும் அது ஏற்கும் காரணமும் வேண்டும் என்று கூறி, அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. விதிவிலக்குகளும் உண்டு. மனைவி தாமாக முன்வந்து அந்த நீதிமன்றத்தில் வழக்காடினாலோ, மணவிலக்குக்குச் சம்மதித்தாலோ நிலைமை மாறிவிடும். அந்தப் பெண் பதில் அனுப்பியிருந்தார்; ஆனால் "உங்கள் அதிகாரத்துக்கு நான் உட்படவில்லை" என்ற ஆட்சேபத்தோடு அனுப்பியிருந்தார். அதுதான் அவரைக் காத்தது.

ஆகவே அழைப்பாணை வந்தால் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டாதீர்கள். வழக்கறிஞரைப் பார்க்காமல் அவசரப்பட்டுக் கையெழுத்தும் போடாதீர்கள். உறையை முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பது பின்னால் பெரிய விஷயமாகும். அந்நாட்டிலேயே மேல்முறையீடு செய்வதானால் கெடு பெரும்பாலும் நாள்கணக்கில்தான் இருக்கும். அங்குள்ள வழக்கறிஞருக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பி நடத்தலாம். இங்கே குடும்ப நீதிமன்றத்தில் "இந்தத் தீர்ப்பு என்னைக் கட்டுப்படுத்தாது" என்று அறிவிக்கக் கோரியும் வழக்குத் தொடரலாம். இதற்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் கெடு.

நம் சமுதாயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தீர்ப்பை வீழ்த்தினாலும், "நான் தலாக் சொல்லிவிட்டேன்" என்று கணவர் தனியே வாதிடலாம். அப்போது தலாக்கே கேள்விக்குள்ளாகும். நியாயமான காரணமும், அதற்கு முன் இரு தரப்பிலிருந்தும் சமரச முயற்சியும் இருந்திருக்க வேண்டும் என்று 2002-இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரே மூச்சில் சொன்ன முத்தலாக், குறுஞ்செய்தியில் வந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது.

மணவிலக்கு செல்லும் என்றே முடிவானாலும் மஹ்ர், பிள்ளைகளின் செலவு, இத்தா காலத்துக்குள் எதிர்காலத்துக்கும் சேர்த்துச் செய்ய வேண்டிய ஏற்பாடு ஆகிய உரிமைகள் அந்தக் காகிதத்தோடு போய்விடுவதில்லை. 2020 ஜனவரியில் அமீரகம் பரஸ்பர நாடாக அறிவிக்கப்பட்டதால், அங்குள்ள நீதிமன்றங்களின் பணம் தொடர்பான தீர்ப்பாணைகளை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கோரலாம். இது இரு தரப்புக்கும் பொருந்தும் என்பதால் கவனம் தேவை.

செலவுக்குப் பயந்து யாரும் பின்வாங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் போதும்.