படகு டிரெயிலரை முன்னின்று தள்ளுதல்: முன்பக்க இணைப்புக் கொண்டியின் பயனும் வரம்பும்

ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பணிபுரியும் கள ஊழியர்க்குப் படகு இன்றியமையாத சாதனம் என்பது சொல்லாமலே விளங்கும். நீரோட்டம் அளப்போரும், மீன்வள ஆய்வாளரும், வெள்ளக் காலத்தில் மீட்புப் பணி புரிவோரும் படகைக் கரையினின்று நீருக்கும் நீரினின்று கரைக்கும் பன்முறை கொண்டுசெல்ல வேண்டியவராயுள்ளனர். நீரில் படகு செலுத்துவதைப் பாடமாகக் கற்பிக்கிறோம். கரையில் அதனை டிரெயிலரோடு சரிவில் இறக்கும் வேலையை மட்டும் ஓட்டுநரின் கைப்பழக்கத்திற்கே விட்டுவிடுகிறோம். விபத்துக்கு இடமளிப்பது பெரும்பாலும் இந்தச் சில நிமிட வேலையே.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு குறிப்பு. வண்டியையும் டிரெயிலரையும் பிணைக்கும் உறுப்பை இங்கே இணைப்புக் கொண்டி என வழங்குவோம். வண்டியின் பக்கம் ஓர் எஃகுக் குண்டும், டிரெயிலரின் பக்கம் அதன்மேல் கவிழும் கிண்ணமும் இருக்கும். டிரெயிலரின் முன்னே நீண்டிருக்கும் தண்டு, மாட்டுவண்டியின் ஏர்க்காலை ஒத்தது. அதன் நுனி கொண்டியின்மேல் அழுத்தும் எடையை முன்பாரம் என்போம். புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவை இதில் இல்லை. பாரவண்டி ஓட்டுவோர் முன்பாரம், பின்பாரம் என்று வழங்கும் சொல்லே போதும்.

காற்றடைத்த ரப்பர்ப் படகுகளுக்கு இப்பாடம் அத்துணை தேவைப்படாது. 2006-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் அத்தகைய படகுகளைக் கையாள்வதைப் பலர் கண்டிருக்கலாம். நான்கைந்து பேர் சேர்ந்தால் அதனைத் தூக்கிச் சென்றுவிடலாம். கண்ணாடி இழையாலோ உலோகத்தாலோ ஆன வன்கூட்டுப் படகை அவ்வாறு தூக்குதல் அரிது. அதற்கே டிரெயிலர் வேண்டும்; டிரெயிலருக்குச் சரிவுத்தளம் வேண்டும்.

அச்சரிவின் நீளத்தைப் பலர் குறைத்தே எண்ணுகின்றனர். ஒடிசாவில் மகாநதியின் குறுக்கே அமைந்து 1957-ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட ஹிராகுட் அணையை எடுத்துக்கொள்வோம். அதன் முழுக் கொள்மட்டம் 630 அடி. பயன்படுத்தக்கூடிய நீரின் அடிமட்டம் 590 அடி. இடைப்பட்ட 40 அடியிலும் படகு இறக்க வேண்டுமாயின், எட்டுக்கு ஒன்று என்னும் சாய்வில் 320 அடி நீளச் சரிவு தேவைப்படும். மழைக்காலத்தின் முடிவில் சில அடிகளே இறங்கினால் நீர் காலில் படும். கோடையின் இறுதியிலோ அத்தொலைவு முழுவதும் டிரெயிலரைப் பின்னோக்கித் தள்ளியாக வேண்டும். அப்போது கீழ்ப்பகுதி சேறும் பாசியும் படிந்து வழுக்கும். எந்த நீர்த்தேக்கத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுவே.

பின்னோக்கித் தள்ளுவது ஏன் கடினம்? இழுக்கப்படும் டிரெயிலர் தானே நேராகிவிடும். தள்ளப்படும் டிரெயிலரோ தானே கோணிக்கொள்ளும். வகுப்பறையில் இதனைக் காட்ட ஒரு நீண்ட கோலே போதும். கோலின் மேல்நுனியை விரல்களால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டால், எப்படி ஆட்டினாலும் இறுதியில் அது நேராக நிற்கும். அதே கோலை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தினால் கணநேரமும் கண்ணயர முடியாது. கோல் எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கம் கையை விரைந்து நகர்த்த வேண்டும். நகர்த்தத் தாமதித்தால் சாய்வு மேலும் மிகும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு விரைந்தாலும் பயனில்லை. மாணவர்கள் விளக்குமாற்றுக் கழியையும் பென்சிலையும் மாறி மாறி நிறுத்திப் பார்க்கட்டும். நீண்ட கழி மெல்லச் சாயும். பென்சில் நொடியில் விழும். நீளமான டிரெயிலர் ஓட்டுநருக்கு அவகாசம் தருவதும், குட்டையான டிரெயிலர் கண்மூடித் திறப்பதற்குள் மடங்கிக்கொள்வதும் இதனாலேயே. (இரண்டிற்கும் இயக்க விதிகள் ஒன்றல்ல. ஒன்றில் புவியீர்ப்பும் மற்றதில் சக்கரங்களின் போக்கும் காரணமாகின்றன. நிலையின்மையின் தன்மை மட்டுமே ஒன்று என்பதை மேல்வகுப்பு மாணவர்க்கு எடுத்துரைத்தல் நலம்.)

கொண்டி வண்டியின் பின்னே இருக்கும்போது, கோலைத் தாங்கும் கை மிக மந்தமாக நகர்கிறது. திரும்பும் வண்டி எதுவாயினும், அதன் பின்னச்சின் நடுப்புள்ளி அந்தக் கணத்தில் பக்கவாட்டில் நகர்வதில்லை. பின்னச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு ஒவ்வொரு புள்ளியும் பக்கவாட்டில் நகரும். அச்சுகளுக்கு இடையே 2 மீட்டர் உள்ள ஒரு ஜீப் வண்டியைக் கருதுக. பின்கொண்டி பின்னச்சுக்கு 0.8 மீட்டர் பின்னே உள்ளது. முன்கொண்டி முன்னச்சுக்கு 0.6 மீட்டர் முன்னே, அதாவது பின்னச்சிலிருந்து 2.6 மீட்டர் தொலைவில் உள்ளது. ஸ்டீரிங் சக்கரத்தை ஒரே அளவு திருப்பினால், முன்கொண்டி பின்கொண்டியைவிட மூன்றேகால் மடங்கு மிகுதியாகப் பக்கவாட்டில் நகரும். டிரெயிலர் கோணத் தொடங்கியவுடனே அதனைத் திருத்தும் ஆற்றல் இதனால் கிடைக்கிறது. டிரெயிலர் இயல்பிலேயே நேராகிவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. கை சுறுசுறுப்பாகிவிட்டது, அவ்வளவே.

பார்வை இரண்டாவது பயன். ஓட்டுநர் கழுத்தைத் திருப்பாமலும், பக்கக் கண்ணாடிகளில் மாறி மாறிப் பாராமலும் டிரெயிலரை நேரே காண்கிறார். விதியும் எளிதாகிறது: டிரெயிலரின் அப்பாற்கோடி இடப்புறம் விலகினால் ஸ்டீரிங்கை இடப்புறம் திருப்புக, வலப்புறம் விலகினால் வலப்புறம் திருப்புக. உள்ளங்கைக் கோலுக்குச் சொன்ன விதியே இது. வேண்டுமென்றே டிரெயிலரை வலப்புறம் வளைக்க வேண்டுமாயின், முதலில் சிறிது இடப்புறம் திருப்பிக் கோணத்தை உண்டாக்கி, உடனே வலப்புறம் திருப்பி அதன்பின்னே செல்ல வேண்டும். வெற்று டிரெயிலரைத் தள்ளும்போது இப்பயன் இன்னும் மிகுதி. பின்னே பூட்டிய தாழ்வான வெற்று டிரெயிலர் ஓட்டுநரின் கண்ணுக்கே படாமல் போவதுண்டு. ஆனால் உயர்ந்த முகப்புடைய படகு ஏற்றப்பட்டிருந்தால், முன்னின்று தள்ளும்போது அது நீரின் விளிம்பை மறைத்துவிடும். பக்கத்தில் நின்று சைகை காட்ட ஒருவர் அப்போது கட்டாயம் வேண்டும்.

வண்டியின் பின்சக்கரங்கள் நீரிலிருந்து விலகி உலர்ந்த தளத்தில் நிற்பதும், புகைக்குழாயும் பின்னச்சுப் பெட்டியும் நனையாதிருப்பதும் மூன்றாவதாகச் சொல்லப்படும் பயன்கள். இவை மெய்யே. எனினும் இதனைப் பெரிதாகப் பாராட்டுவோர் மறுபக்கத்தை மறந்துவிடுகின்றனர். அம்மறுபக்கத்தைச் சற்று விரிவாகவே காண வேண்டும். உயிர்க்கேடு விளைவது அதனால்தான்.

மேற்கூறிய ஜீப்பின் எடை 1,200 கிலோகிராம் எனவும், சமதளத்தில் இரு அச்சுகளும் 600 கிலோகிராம் வீதம் தாங்குகின்றன எனவும் கொள்வோம். படகும் டிரெயிலரும் சேர்ந்து 800 கிலோகிராம்; முன்பாரம் அதில் பத்திலொரு பங்கு, 80 கிலோகிராம். முன்னச்சுக்கு 0.6 மீட்டர் முன்னே அழுத்தும் இம்முன்பாரம், நெம்புகோல் விதிப்படி பின்னச்சை 24 கிலோகிராம் அளவு தூக்குகிறது. எட்டுக்கு ஒன்று சரிவில் முகம் தாழ்ந்து நிற்பதால், ஈர்ப்பு மையம் 0.6 மீட்டர் உயரத்திலுள்ள வண்டியில் மேலும் 45 கிலோகிராம் முன்னச்சுக்குச் செல்கிறது. 0.45 மீட்டர் உயரத்திலுள்ள கொண்டியைப் படகு சரிவின் கீழ்நோக்கி 100 கிலோகிராம் விசையுடன் இழுப்பதால் இன்னுமொரு 22 கிலோகிராம் போகிறது. எஞ்சிப் பின்னச்சில் நிற்பது ஏறக்குறைய 509 கிலோகிராம்.

இனி, கைப்பிரேக் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். வண்டியும் டிரெயிலரும் கீழே நழுவாதிருக்க வேண்டிய விசை, வண்டிக்கு 150-உம் டிரெயிலருக்கு 100-உம் ஆக 250 கிலோகிராம். உலர்ந்த கான்கிரீட்டில் உராய்வெண் 0.7 எனக் கொண்டால் பின்சக்கரங்கள் 356 கிலோகிராம் வரை பிடிக்கும், கவலையில்லை. ஈரமும் சேறும் கலந்த தளத்தில் 0.3 எனக் கொண்டால் கிடைப்பது 153 மட்டுமே. கைப்பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் வண்டி நழுவும்! நான்கு சக்கரங்களும் பூட்டப்பட்டிருப்பின், டிரெயிலரின் முன்பாரமும் சேர்ந்து 1,280 கிலோகிராம் எடை அழுத்துவதால் 384 கிடைக்கும், வண்டி நிற்கும். ஆகவே நான்கு சக்கர இயக்கமுடைய வண்டியாயின் அதனை இணைத்து, ரிவர்ஸ் கியரில் போட்டு, எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக்கை இறுக்கியபின் சக்கரங்களுக்குக் கீழ்ப்புறம் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். அதன் பின்னரே ஒருவர் படகருகே செல்லலாம். பின்சக்கர இயக்கம் மட்டுமுடைய வண்டியைக் கோடைக்காலச் சேற்றுச் சரிவில் முன்கொண்டியுடன் பயன்படுத்தலாகாது என்பதே எமது கருத்து.

படகை மேலேற்றும் போதும் இக்கணக்கே செல்லும். வண்டி பின்னோக்கி மேலேறும்; உந்தும் பின்சக்கரங்களில் எடை குறைந்திருக்கும்; அவை சுழன்று வழுக்கத் தொடங்கினால் எஞ்சினை முடுக்குவதில் பயனில்லை. உடனே நிறுத்தி, முட்டுக்கட்டை வைத்து, நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்கியரை இணைத்து மெல்ல ஏற்றுக. மேலேற்றும்போது டிரெயிலர் இழுக்கப்படுவதால் அது தானே நேராகும். ஓட்டுநர் வண்டியின் போக்கை மட்டும் கவனித்தால் போதும்.

கொண்டியைப் பொருத்துவது பற்றிச் சிலவே கூற வேண்டும். வண்டியின் முன்னே உற்பத்தியாளர் அமைத்துள்ள கொக்கி, பழுதான வண்டியை இழுப்பதற்கானது, முன்பாரத்தைத் தாங்குவதற்கன்று. டிராக்டர்களின் முன்கொக்கியும் அத்தகையதே. குண்டைத் தாங்கும் பலகை வண்டியின் சட்டகத்தில் இருபுறமும் போல்ட் இடப்பட வேண்டும். பம்பரில் பற்றவைத்தால் ஒருநாள் பம்பரோடு பெயர்ந்துவிடும். ஐ.எஸ்.ஓ. 1103 தரத்தின்படி குண்டின் விட்டம் 50 மில்லிமீட்டர். அமெரிக்க அளவான இரண்டங்குலக் குண்டு அதனினும் சற்றுப் பெரிது. கிண்ணத்துக்குப் பொருந்தாத குண்டைச் சுத்தியால் அடித்துப் பொருத்துதல் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு விதிக்கிறது. அனுமதியின்றிப் பொருத்தப்படும் முன்தடுப்புகளுக்கு எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியதும் நினைவிருக்கலாம். எனவே துறையின் எழுத்து மூலமான ஒப்புதல் பெற்ற பின்னரே பொருத்துக. வேலை முடிந்ததும் கழற்றிவிடக்கூடிய வகையே சிறந்தது.

சாலையில் டிரெயிலரைப் பின்கொண்டியிலேயே இழுத்துச் செல்ல வேண்டும். முன்னே பூட்டிய படகு பார்வையையும் எஞ்சினுக்குச் செல்லும் காற்றையும் தடுக்கும். சரிவுக்கு மேலுள்ள சமதளத்தை அடைந்ததும், டிரெயிலரின் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வைத்து, முன்தண்டைத் தாங்குசக்கரத்தில் நிறுத்திய பின்னரே கொண்டியைக் கழற்றுக. சரிவில் கழற்றுதல் ஒருபோதும் ஆகாது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து முன்கொண்டியில் பூட்டி, கிண்ணத்தின் பூட்டு விழுந்ததைக் கையால் தூக்கிப் பார்த்து, காப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டிய பின்பே முட்டுக்கட்டைகளை எடுக்கலாம்.

இறக்கும்போது நடைவேகத்தை மீறலாகாது. சைகை காட்டுபவர் ஒருவரே. அவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். அவர் மறைந்த மாத்திரத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். டிரெயிலருக்கும் வண்டிக்கும் இடையிலோ, டிரெயிலருக்குக் கீழ்ப்புறத்திலோ, எவரும் நிற்கலாகாது. கோணம் மிகுந்துவிட்டால் ஸ்டீரிங்கோடு போராட வேண்டாம். இரண்டு மூன்று மீட்டர் பின்வாங்கினால் டிரெயிலர் தானே நேராகும்.

நெடுந்தொலைவு வந்த டிரெயிலரின் சக்கரக் குடங்கள் சூடேறியிருக்கும். சூட்டோடு அவற்றை நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, அடைப்பின் வழியே நீரை உள்ளிழுக்கும், பேரிங்குகள் துருவேறும். குடத்தைத் தொட்டுப் பார்த்து, சூடு தணியும்வரை காத்திருந்து இறக்குக.