துடைபடுவது ஒரு கணக்குதான்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய அமெரிக்கக் கல்வித் துறையின் கடிதத்தையும் மூன்று கிரெடிட் ரிப்போர்ட்டுகளையும் படித்தேன். ஒன்பது தவணை ஒழுங்காகக் கட்டினால் ரிப்போர்ட் பழையபடி சுத்தமாகிவிடுமாமே என்று கேட்டிருக்கிறாய். முழுக்கச் சுத்தமாகாது. ஆனாலும் கட்டுவதுதான் உனக்கு நல்லது. உன் கதையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு ஊர்க்கதையாகவே சொல்கிறேன். சொந்தக் கடன் என்றால் யாருக்கும் கண்ணை மறைக்கும்.

2020 மார்ச்சில், கொரோனா வந்தபோது, அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கல்விக்கடன்களுக்குத் தவணை நிறுத்திவைக்கப்பட்டது. மூன்றரை வருடம் கழித்து 2023 அக்டோபரில் மறுபடி கட்டச் சொன்னார்கள். அதிலும் 2024 செப்டம்பர் வரை ஒரு சலுகை: தவணை தவறினாலும் கிரெடிட் நிறுவனங்களுக்குச் சொல்லமாட்டோம் என்றது அரசு. கட்டாமல் இருப்பது பலருக்குப் பழகிப்போயிற்று. சலுகை முடிந்ததும் தாமதங்கள் ஒவ்வொன்றாக ரிப்போர்ட்டில் ஏறின. 2025-ன் முதல் மூன்று மாதங்களை எடுத்துப் பார்த்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி, 22 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கிரெடிட் ஸ்கோர் 100 புள்ளிக்கு மேல் சரிந்துவிட்டதாகச் சொன்னது. அவர்களில் 10 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குச் சரிவு 150 புள்ளிக்குக் குறையவில்லை. 300-ல் தொடங்கி 850-ல் முடிகிற அளவுகோலில் 150 புள்ளி போனால், நேற்று வரை கார் லோனுக்கு வலிய வந்து அழைத்தவர்கள் இன்று ஃபோனையே எடுக்கமாட்டார்கள். அந்த ஏப்ரலில் கல்வித் துறையே சொன்ன கணக்குப்படி மாதக்கணக்கில் கட்டாமல் டீஃபால்ட் ஆனவர்கள் 50 லட்சத்துக்கு மேல். மே 5 முதல் வசூல் மறுபடி தொடங்கும் என்றும் அப்போதே அறிவித்தார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ தனியாள் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தாயே, அதற்கு அவசியமே இல்லை.

இப்போது ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள். அரசு நேரடியாகக் கொடுத்த கடனில் தவணை தவறி 90 நாள் ஆனதும், கடனைக் கவனிக்கும் சர்வீசர் நிறுவனம் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன் மூன்றுக்கும் தகவல் அனுப்பிவிடும். 270 நாள் போனால் டீஃபால்ட். அதற்குப் பிறகு கணக்கு கல்வித் துறையின் டீஃபால்ட் தீர்வுப் பிரிவுக்குக் கைமாறுகிறது. அதனால்தான் ஒரே கடன் உன் ரிப்போர்ட்டில் இரண்டு இடத்தில் நிற்கிறது. ஒன்று பழைய சர்வீசரின் கணக்கு. மாதத்துக்கு ஒரு கட்டமாக ஒழுங்காக ஓடிவந்து, 2025-ல் திடீரென்று 90, 120, 150 என்று எண்கள் விழுந்திருக்கின்றன பார். இன்னொன்று கல்வித் துறையின் பெயரில் தனியாக, டீஃபால்ட் என்ற நிலையோடு நிற்பது.

நீ கேட்ட ஒன்பது தவணைத் திட்டத்துக்கு ரீஹேபிலிடேஷன் என்று பெயர். அது முடிந்தால் துடைபடுவது இந்த இரண்டாவது. டீஃபால்ட் பதிவை நீக்கும்படி கிரெடிட் நிறுவனங்களிடம் கேட்கவேண்டிய கடமையைச் சட்டம் கடன் கொடுத்தவர் தலையில் வைத்திருக்கிறது. முதலாவதில் இருக்கும் 90, 120 எல்லாம் அப்படியே இருக்கும். அவை உண்மையாகவே நடந்த தாமதங்கள். ஏழு வருடம் ஆனால்தான் தானாக உதிரும்.

இந்த வித்தியாசத்தை மறைத்துப் பேசியதற்காக ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 2017 ஜனவரியில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, நேவியன்ட் என்ற பெரிய கடன் சேவை நிறுவனத்தின் மீதும் அதன் வசூல் கிளையான பயனியர் கிரெடிட் ரெகவரி மீதும் வழக்குப் போட்டது. குற்றச்சாட்டுகள் நிறைய. அதில் ஒன்று, ரீஹேபிலிடேஷன் செய்தால் கிரெடிட் ரிப்போர்ட்டுக்கு என்ன நடக்கும் என்பதைப் பற்றிக் கடன்காரர்களுக்குத் தவறாகச் சொல்லி நம்பவைத்தார்கள் என்பது. வழக்கு ஏழு வருடத்துக்கு மேல் இழுத்து 2024 செப்டம்பரில் 12 கோடி டாலர் தீர்வோடு முடிந்தது. எல்லாம் போய்விடும் என்று உன்னிடம் யாரோ சொன்ன பேச்சுக்கு வயது அதிகம் என்பதற்காகச் சொன்னேன்.

நிபந்தனைகளைப் பார்ப்போம். பத்து தொடர் மாதங்களுக்குள் ஒன்பது தவணை. ஒவ்வொன்றும் கெடு தேதியிலிருந்து 20 நாளுக்குள் போய்ச் சேரவேண்டும். இடையில் ஒரே ஒரு மாதம் விட்டுப்போனால் பாதகமில்லை, இரண்டு விட்டால் கதை மாறிவிடும். போனஸ் வந்தது என்று ஒன்பதையும் ஒரே நாளில் கட்டினால் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். சம்பளத்தில் பிடித்ததும், வருமான வரி ரீஃபண்டிலிருந்து எடுத்துக்கொண்டதும் கணக்கில் வராது. தானாக முன்வந்து கட்டியதுதான் தவணை. நீதிமன்றத்துக்குப் போகாமலேயே, பிடித்தம் போக மிஞ்சும் சம்பளத்தில் 15 சதவீதம் வரை எடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் நினைவில் வை. ஐந்து தவணை ஒழுங்காகப் போனால் அந்தப் பிடித்தத்தை நிறுத்திவைக்க வழியிருக்கிறது. ஆறு முடிந்தால் படிப்பைத் தொடர அரசு உதவி கேட்கும் தகுதி திரும்பும்.

தொகையைப் பற்றிப் பயந்திருக்கிறாய், அது வீண் பயம். வருமானத்தில் வறுமைக் கோட்டின் ஒன்றரை மடங்கைக் கழித்துவிட்டு, மீதியில் 15 சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுப்பார்கள். தனியாளுக்கு 2025-ல் அந்தக் கோடு 15,650 டாலர். ஒன்றரை மடங்கு 23,475. வருடம் 32,000 டாலர் சம்பாதிக்கும் ஒருவர் மாதம் கட்டவேண்டியது 106 டாலர் சொச்சம். 23,000-க்குள் சம்பாதிப்பவருக்கு வெறும் 5 டாலர். கணக்குப்படி வரும் தொகையைக் கட்ட முடியாது என்றால் வரவு செலவுப் படிவம் ஒன்று இருக்கிறது. வாடகை, மருந்துச் செலவு எல்லாம் எழுதிக் கொடுத்துக் குறைக்கச் சொல்லலாம். இதற்கெல்லாம் அரசு கட்டணம் வாங்குவதில்லை. நூறு டாலர் கொடு, நாங்கள் முடித்துத் தருகிறோம் என்று ஃபோனில் வருபவரிடம் ஒரு வார்த்தை பேசாதே.

கன்சாலிடேஷன் செய்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாமே என்று உன் நண்பன் சொன்னதும் உண்மைதான். பழைய கடனைப் புதுக்கடன் அடைத்துவிடும், சில வாரங்களில் டீஃபால்ட்டிலிருந்து வெளியே வந்துவிடலாம். ஆனால் டீஃபால்ட் ஆன தடம் ரிப்போர்ட்டில் நிற்கும். அடுத்த மாதமே கல்லூரியில் சேரவேண்டியவருக்கு அது சரிப்படும். டீஃபால்ட் ஆகி ஆறரை வருடம் ஓடிவிட்டவருக்கும் சரிப்படும், எப்படியும் உதிரப்போகிற வரிக்காக அவர் ஏன் பத்து மாதம் காத்திருக்கவேண்டும்? உனக்கு டீஃபால்ட் விழுந்தே அதிக நாளாகவில்லை. விட்டுவைத்தால் 2030-க்கு அப்பாலும் கூட வரும். ரிப்போர்ட்டிலிருந்து உதிர்ந்தாலும் கடன் சாகாது என்பது வேறு. கூட்டாட்சிக் கல்விக்கடனை வசூலிக்க அமெரிக்கச் சட்டத்தில் காலவரம்பு இல்லை.

வீடு வாங்கும் யோசனை உனக்கு இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அரசுக் காப்புறுதியுள்ள எஃப்.எச்.ஏ. வீட்டுக்கடன் கேட்டால், கொடுப்பவர்கள் கிரெடிட் ரிப்போர்ட்டோடு நிறுத்தமாட்டார்கள். அரசுக் கடனில் டீஃபால்ட் ஆனவர்களின் பட்டியல் ஒன்று கெய்வர்ஸ் என்ற பெயரில் இருக்கிறது, அதையும் தட்டிப் பார்ப்பார்கள். அதில் பெயர் இருந்தால் ஸ்கோர் 700 என்றாலும் கதவு திறக்காது. டீஃபால்ட் நீங்கினால் அங்கிருந்தும் பெயர் போகும். ஸ்கோர் எத்தனை புள்ளி ஏறும் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. ஃபைகோ என்ற கிரெடிட் ஸ்கோரில் 35 சதவீதம் தவணை வரலாறு. பழைய தாமதங்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன.

பலர் சறுக்குவது ஒன்பதாவது தவணைக்குப் பிறகுதான். கணக்கு புது சர்வீசருக்குப் போகும், 106 டாலர் ஏற்பாடு அதோடு முடியும். வருமானத்துக்கு ஏற்ற தவணைத் திட்டத்துக்கு உடனே விண்ணப்பிக்காவிட்டால் அதைப்போல இரண்டு மூன்று மடங்குக்குப் பில் வரலாம். விலாசம் மாற்றிச் சொல்லாதவர்களுக்குப் பில் வந்ததே தெரியாது. மறுபடி டீஃபால்ட் ஆனால் இந்த வழி இப்போதைக்கு மூடித்தான் இருக்கும்: ஒரு கடனுக்கு ஒருமுறைதான். 2025-ல் வந்த புதுச் சட்டம் 2027 ஜூலை முதல் இரண்டாவது வாய்ப்பும் தருகிறது. அதை நம்பி முதலாவதை வீணாக்கவேண்டாம்.

இன்னொன்று, உன் கடன்களில் ஒன்று தனியார் வங்கியுடையது. அதற்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. 2018-ல் வந்த சட்டம், தனியார் வங்கிகள் விரும்பினால் இப்படி ஒரு திட்டம் வைத்து டீஃபால்ட் பதிவை நீக்கலாம் என்கிறது. விரும்பினால்தான். அந்த வங்கியிடம் தனியாகக் கேள்.

ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துக்கு முன்பு எனக்கு ஒரு நகல் அனுப்பு. கெடு தேதியைச் சம்பளம் வரும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி வைக்கச் சொல். ஒவ்வொரு தவணைக்கும் ரசீதைச் சேமித்து வை. எல்லாம் முடிந்து ஓரிரு மாதம் கழித்து மூன்று ரிப்போர்ட்டையும் மறுபடி எடு, வாரம் ஒருமுறை இலவசமாகவே கிடைக்கும். கல்வித் துறையின் டீஃபால்ட் கணக்கு எதிலாவது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் ரசீதுகளோடு ஆட்சேபணை போடு. பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்லவேண்டும் என்பது சட்டம். பழைய சர்வீசரின் 90, 120-க்கு ஆட்சேபணை போட்டுக் காலத்தை வீணாக்காதே, மாதம் ஏதாவது தப்பாக இருந்தால் தவிர.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. முதல் தவணை கட்டிய பிறகு நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா