பழைய கார் வாங்குமுன் புகையைப் பாருங்கள்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெயின்டையும் கிலோமீட்டரையும் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பெயின்ட் புதிதாக அடிக்கலாம், கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டலாம். சைலன்சரில் வரும் புகையை மறைப்பது கடினம். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது எந்த நேரத்தில் வருகிறது என்றும் கவனிக்க வேண்டும்.

காலையில் போங்கள். வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். வண்டி திறந்தவெளியில் நிற்கட்டும். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடும்.

கூட வந்தவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, சைலன்சருக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். மெல்லிய வெள்ளை ஆவி வந்து சில நிமிடங்களில் நின்றுவிட்டால் பயமில்லை, அது வெறும் நீராவி. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்து, இனிப்பு வாடையும் அடித்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இன்ஜினை அணைத்துச் சற்று நேரம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால் கூலன்ட் அதிலும் கலந்துவிட்டது. சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறக்கவே கூடாது.

நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. இங்கேதான் நேரம் முக்கியம். இரவு முழுக்க நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகும்போது ஒரு முறை நீலமாகத் தள்ளிவிட்டு நிறுத்தினால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். ஏற்காடு போன்ற மலையிலிருந்து கியரில் இறங்கிவந்து, மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது குபீரென்று வந்தாலும் அதே சந்தேகம்தான். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க நிற்காமல் வந்தால் பிஸ்டன் ரிங்கையோ சிலிண்டரையோ பார்க்க வேண்டும். டர்போ உள்ள வண்டியில் அதன் சீலும் காரணமாகலாம். வால்வு சீல் ஓரளவு சிறிய வேலை. ரிங் என்றால் இன்ஜினையே பிரிக்க வேண்டும், செலவு பல மடங்கு ஏறும். அதனால் நீலப் புகை வரும் வண்டியைச் சமதளத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கரும்புகை என்றால் காற்றின் அளவுக்கு மீறி எரிபொருள் போகிறது. பெட்ரோல் வண்டியில் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார். பழைய டீசல் வண்டி வேகமாக மிதிக்கும்போது கொஞ்சம் கறுப்பாகத் தள்ளுவது சகஜம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிப்படி தயாரான டீசல் காரில் அப்படி வரக் கூடாது. கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப் என்ற வடிகட்டி அதில் இருக்கிறது. சைலன்சர் ஆறியதும் அதன் வாயை உள்பக்கம் துணியால் துடைத்துப் பாருங்கள். கரி அப்பிக்கொண்டு வந்தால் வடிகட்டி பழுதாகியிருக்கும், அல்லது கழற்றி எறிந்திருப்பார்கள். அந்த வண்டி வேண்டாம்.

புகைச் சான்றிதழைக் காட்டி விற்பவர் சமாதானம் சொல்வார். அது இன்ஜினின் உள்நிலைக்குச் சான்று இல்லை. நீலமோ, நிற்காத வெள்ளையோ கண்ணில் பட்டால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.